பின்பக்க சஸ்பென்ஷன் போல்ட் துருப்பிடித்து இறுகிவிட்டதா? கழற்றும் முன் இதைக் கவனிங்க!

2024 அக்டோபர் 25-ம் தேதி கொட்டிய கனமழையில் மதுரை செல்லூர் தெருக்கள் குளமாகின. இப்படித் தேங்கும் நீரில் நிற்கும் காரில், இன்ஜினோடு பின்பக்க சஸ்பென்ஷனும் பாதிக்கப்படலாம்.

ஏன் இறுகுகிறது?
ரப்பர் புஷ்ஷின் நடுவே உள்ள இரும்புக் குழாய்க்குள்தான் போல்ட் போகும். ஈரம் புகுந்து துருப்பிடித்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘போல்ட் புடிச்சுக்கிச்சு’ என்பது இதைத்தான்.

கழற்றுவது எப்படி?
ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்டு அவசியம். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிட வேண்டும். அப்பவும் அசையலைன்னா அறுத்தெடுக்கணும். பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருந்தால் கேஸ் வெல்டிங் நெருப்பு ஆபத்து.

மாட்டும்போது?
புது புஷ், போல்ட் போட்டு, சக்கரத்தில் காரின் எடை இறங்கிய பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். மறுபடி அதே செலவுதான்!