ஏட்டைத் திறந்து காட்டு!

கந்துவட்டிக்காரன் கணக்கேட்டை நாம் கண்ணால் கண்டதுண்டா? "எழுதியிருக்கிறது, எடு பணத்தை!" என்பான். எழுதியவன் அவன், ஏமாந்தவர் நாம்!

இன்று நம்மைப் பற்றி இன்னொரு ஏடு எழுதப்படுகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் அதை எழுதுகின்றன. வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய மாதம் அத்தனையும் அதிலே ஏறுகிறது. 300 முதல் 900 வரை மதிப்பெண்ணும் இடுகிறார்கள். மகள் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கி வாயிலில் நிற்கும்போது, நமக்கு முன்பே அந்த ஏடு பேசிவிடுகிறது.

ஆனால் தோழர்களே, இந்த ஏட்டை நாம் பார்க்கலாம்! ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டுமென 2016இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. பிழை திருத்தக் கேட்கும் உரிமையை 2005ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. கேட்டோமா?

கேட்போம். வாங்காத கடன் நம் பெயரில் நிற்கிறதா? அடைத்த கடன் நிலுவையெனத் தெரிகிறதா? ரசீதை இணைத்துப் புகார் கொடுப்போம். 30 நாளில் தீர்க்கவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பொய்யைத் திருத்தலாம்; மெய்யை அழிக்க முடியாது. "காசு கொடு, மதிப்பெண்ணை ஏற்றுகிறேன்" என்பவன் அந்தக் கந்துவட்டிக்காரனின் தம்பி! உண்மையில் தவறியிருந்தால், நிலுவையைக் கட்டிச் சான்று வாங்குவோம். இனி வரும் தவணைகளை நாள் தவறாது செலுத்துவோம். மெல்ல மெல்ல ஏறும் மதிப்பெண்.

எழுதுகிறவர்கள் எழுதட்டும், படிக்க வேண்டியவர் நாம்!