நடைப் பயணத்தில் காய்கனிகள் வாடாதிருக்க

தைப்பூசத்தையொட்டிக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கங்களிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் பல நாட்கள் வழியிலேயே தங்கி உண்ண வேண்டியிருக்கிறது. இத்தகைய பயணங்களில், உடன் வரும் வண்டியில் ஏற்றிய காய்கனிகளுள் ஒரு பங்கு மூன்றாம் நாளே அழுகுவதும், அழுகலை அரிந்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் பச்சையாகத் தின்று சிலர் வயிற்றுக் கோளாறுக்கு ஆளாவதும் நாம் காணாததன்று. பனிக்கட்டியின்றியே இதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

பறித்த பின்னும் காய்க்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது, தன்னுள் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவிடுகிறது, நீரை இழக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இம்மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். நண்பகலில் பறித்ததை அப்படியே சாக்கில் திணித்துக் கட்டினால் உள்ளிருக்கும் சூடே அதைக் கெடுத்துவிடும். ஆகவே விடியற்காலையில் பறித்து, நிழலில் பரப்பி ஆறவிட்டு, மூங்கிற் கூடையில் அடுக்குதல் வேண்டும். பயிரிடும் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. எனினும் சந்தைச் சரக்குக்குக் காட்டும் கவனத்தை வீட்டுச் சரக்குக்கு நாம் காட்டுவதில்லை.

கொத்துமல்லி, புதினா முதலிய தழைகளை ஈரத் துணியில் தளரச் சுற்றி வைக்கலாம். அத்துணி கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியாக இருக்கட்டும். கஞ்சியுள்ள துணி நீரை நன்கு உறிஞ்சாது, பூசணமும் பிடிக்கும். நெசவாளர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது இதனாலேதான். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈரமணலை நிரப்பி, வாயை ஈரத் துணியால் மூடினால் உள்ளிருக்கும் காய்கள் குளிர்ந்திருக்கும். இம்முறையைப் பரப்பியதற்காக நைஜீரியாவின் முகம்மது பா அப்பா 2000-ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஆனால் காற்று வறண்டிருந்தால்தான் இது பலிக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் பயன் சொற்பமே. மணல் சுமையென்று கருதுவோர், ஒற்றைப் பானையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காற்றுப்படும் நிழலில் வைத்தாலும் ஓரளவு போதும்.

வெங்காயத்துக்கு ஈரமே ஆகாது. அது காற்றோட்டமாக உலர்ந்திருக்கட்டும். காரட்டின் தழையைக் கிள்ளிவிட வேண்டும். இல்லையேல் தழை கிழங்கின் நீரை உறிஞ்சிவிடும். பழுத்த வாழைப்பழமும் தக்காளியும் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அருகிலுள்ள தழைகளும் வெள்ளரியும் அதனால் விரைவில் மஞ்சளிக்கும். அவற்றைத் தனிக் கூடையிலேயே வைக்க வேண்டும்.

முன்கூட்டிக் கழுவி வைத்தல் நல்லதென்று பலர் எண்ணுகின்றனர், தவறு. ஒட்டிய ஈரம் அழுகலை வரவழைக்கும். உண்ணும் வேளையில், காய்ச்சி ஆறிய நீரில் கழுவினால் போதும். நறுக்கியதை அடுத்த வேளைக்கு வைத்தலாகாது. ஒவ்வொரு மாலையும் கூடையைக் கவிழ்த்து, அடிபட்ட காயைப் பொறுக்கி விலக்குக.

உண்ணும் வரிசையையும் புறப்படும் முன்பே வகுத்துக்கொள்ளலாம்: முதல் இரு நாட்களில் தழைகளும் கொய்யாவும், பின்னர் வெள்ளரியும், செங்காயாக எடுத்துச் சென்ற தக்காளியும், அதன்பின் காரட், கடைசி நாட்களுக்கு எலுமிச்சையும் உரிக்காத தேங்காயும்.