மூக்கை மட்டும் நம்பாதீர்கள்!

"வீட்டைச் சுத்தி ஏதோ வாடை வருது டாக்டர். தலை வலிக்குது, கண்ணு எரியுது. ஆனா வந்து பார்த்தவங்க ஒண்ணுமே இல்லைங்கறாங்க!"

இப்படி ஒருவர் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? 'மனப்பிரமை' என்றுதானே? அவசரப்படாதீர்கள். ஒரு ஊரே இப்படிச் சொன்ன கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈஸ்ட் பாலஸ்தீன் என்று ஒரு சின்ன ஊர். 2023 பிப்ரவரி 3-ம் தேதி இரவு அங்கே ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. அதில் 5 டாங்கர்களில் இருந்தது வினைல் குளோரைடு. பி.வி.சி. குழாய் செய்ய மூலப்பொருளாக இருப்பது இதுதான். வெடித்துவிடுமோ என்று பயந்து, 6-ம் தேதி அதிகாரிகளே அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். வானமே கறுத்துப் போனது. 8-ம் தேதி, "இனி வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

போனவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை, தோலில் அரிப்பு! இன்னொன்று தெரியுமா? வீடு வீடாகப் போய் விசாரித்த அரசு சுகாதாரக் குழுவிலேயே 7 பேருக்குத் தொண்டை வலி, தலைவலி, இருமல் என்று உடம்பு சரியில்லாமல் போனது.

மூக்கு ஏமாற்றும், இரண்டு விதமாக!

வாடை வந்தால் விஷம், வராவிட்டால் நல்ல காற்று என்றுதான் நாம் நினைக்கிறோம். இது தப்புக் கணக்கு.

வினைல் குளோரைடு கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதன் வாடை பெரும்பாலானவர்களுக்குத் தெரியவேண்டுமானால், காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 3,000 பங்கு கலந்திருக்க வேண்டும். ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 8 மணி நேர வேலைக்கு அனுமதித்த சராசரி அளவு வெறும் 1 பங்கு! மூக்கு விழித்துக்கொள்வதற்குள் காரியம் எங்கேயோ போயிருக்கும்.

அதே ரயிலில் இருந்து கொட்டிய இன்னொரு ரசாயனம் ப்யூட்டைல் அக்ரிலேட். பெயின்ட் செய்ய உதவுவது. இது நேர்மாறு. துளியூண்டு இருந்தாலே மூக்கைத் துளைக்கும்.

ஆக, வாடையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு கற்றுக்கொடுத்தார்கள். நாடி, நா, நிறம், விழி என்று எட்டையும் பார்த்து நோயாளியின் உடம்பைப் படிக்கலாம். ஆனால் அவர் சுவாசித்த காற்றில் என்ன கலந்திருந்தது என்று எந்த நாடியும் பெயர் சொல்லாது. அதைச் சொல்ல ஒரு கருவி வேண்டும்.

காற்றைத் தூற்றிப் பார்க்கும் தராசு

அதன் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பாடப் புத்தகத்தில் 'நிறை நிறமாலைமானி' என்பார்கள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மூலக்கூறுகளை எடை போடும் தராசு, அவ்வளவுதான்.

களத்துமேட்டில் நெல் தூற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் கனமான மணி கிட்டே விழும். லேசான பதர் தள்ளிப் போய் விழும். இங்கேயும் அப்படித்தான். உறிஞ்சிய காற்றில் உள்ள மாசு மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, வெற்றிடத்துக்குள் மின்விசையால் தள்ளி, எடை வாரியாகப் பிரித்து எண்ணிவிடுகிறது கருவி. பென்சீனின் எடை 78, டொலுவீன் 92, அக்ரோலின் 56. எடையை வைத்து ஆளை அடையாளம் காணலாம்.

இந்தக் கருவி ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தை விட்டு நகராது. எஃகு டப்பாவில் காற்றைப் பிடித்து அங்கே அனுப்பி, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் நாள் முழுக்கப் பிடித்த காற்றின் சராசரிதான். காலையில் அரை மணி நேரம் வீசிய விஷக்காற்று அந்தச் சராசரியில் கரைந்து போகும். இப்போது வேனில் ஏற்றி ஊரைச் சுற்றும் கருவியும் உண்டு, ஆள் சுமந்து போகும் சுமார் 20 கிலோ கருவியும் உண்டு.

ஊரைச் சுற்றிய வேன் கண்டது என்ன?

2023 பிப்ரவரி 20, 21 தேதிகளில் டெக்சாஸ் ஏ அண்ட் எம், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி ஒரு வண்டியுடன் ஈஸ்ட் பாலஸ்தீன் தெருக்களில் சுற்றினார்கள். நொடிக்கு ஒரு கணக்கு! பென்சீன், டொலுவீன், சைலீன், வினைல் குளோரைடு நான்கின் சராசரியும், நீண்ட நாள் சுவாசிப்பவர்களுக்கு வகுத்த பாதுகாப்பு அளவுக்குக் கீழேதான் இருந்தது. அதிகாரிகள் நிறுத்தி வைத்திருந்த கருவிகளும் ஏறத்தாழ இதையேதான் காட்டின. மறைக்காமல் சொல்ல வேண்டிய நல்ல சேதி இது.

ஆனால் அக்ரோலின்? சுற்றுப்புறக் கிராமக் காற்றில் இருப்பதைவிட ஊருக்குள் 6 மடங்கு வரை இருந்தது. அக்ரோலின் நமக்கும் புதிதல்ல. எண்ணெய்ச் சட்டி காய்ந்து புகையும்போது கண் கரிக்கிறதே, அந்தப் புகையில் இருப்பதுதான். கண்ணையும் தொண்டையையும் உறுத்தும் சரக்கு. யாரும் தேடாத வேறு சில பொருள்களும் சில இடங்களில் மட்டும் கூடுதலாகத் தெரிந்தன.

அக்ரோலினால்தான் அத்தனை பேருக்கும் தலை வலித்தது என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கருவி காற்றைச் சொல்லும், உடம்பைச் சொல்லாது. சில சமயம் தடுமாறவும் செய்யும். சைலீனும் எத்தில் பென்சீனும் ஒரே எடை, 106. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய வேறு கருவியின் துணை வேண்டும். ஆனாலும் "எல்லாம் உங்கள் மனசுதான்" என்று ஜனங்களின் வாயை அடைக்க இனி முடியாது. அதுதான் பெரிய லாபம்.

நீங்கள் செய்ய வேண்டியது

* காரமான வாடையோ கண் எரிச்சலோ வந்தால் முதலில் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

* தேதி, நேரம், காற்று அடித்த திசை, யார் யாருக்கு என்ன தொந்தரவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

* "ஒன்றும் இல்லை" என்று யாராவது சொன்னால், நான்கே கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பொருளைத் தேடினீர்கள்? எங்கே? எப்போது? எவ்வளவு நேரம்?

தேடாத பொருள் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதாலேயே அது அங்கே இல்லை என்று அர்த்தமும் இல்லை!