மலை ஏறி உழைத்த எலும்பும் முறிவது ஏன்?

கேமரன் மலைச் சரிவுகளில் காலமெல்லாம் கொழுந்து பறித்த பாட்டிமார் பலருக்கு, வயதானபின் லேசாக வழுக்கினாலே இடுப்பெலும்பு முறிந்துவிடுகிறது. ஏன்?

எலும்பு கல் அல்ல. லயத்து வீட்டில் உளுத்த பலகையை ஒரு கூட்டம் பெயர்க்க, மறு கூட்டம் புதுப்பலகை அடிப்பது போல, அது நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. பெயர்ப்பவர்களை அடக்கும் கங்காணி ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் கங்காணியின் பிடி தளர்ந்து, பெயர்ப்பு முந்துகிறது. எலும்புத் தேய்வுக்கான வழக்கமான மாத்திரைகள் பெயர்க்கும் கூட்டத்தைத்தான் தடுக்கின்றன.

அடிப்பவர்களை முடுக்க முடியாதா? வியப்பான விடை தென்னாப்பிரிக்காவில் கிடைத்தது. சில குடும்பங்களில் எலும்பு அளவுமீறித் தடித்தது. கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லும் ஸ்கிளிரோஸ்டின் புரதம் அவர்களுக்கு உருவாகவில்லை. காரணமான மரபணு 2001இல் தெரிந்தது. அப்புரதத்தைத் தடுக்கும் ரோமோசோசுமாப் ஊசிக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு அது ஆகாது.

உங்கள் அம்மாவின் உயரம் குறைகிறதா? அது எலும்பு தேய்வதன் அறிகுறியாக இருக்கலாம். எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.