சாம்பல் குட்டையும் கிணற்று நீரும்

அடுப்புச் சாம்பலை வயலில் தூவுவது நம் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். அனல் மின் நிலையச் சாம்பலையும் அத்தகையதே என்று நாம் எண்ணிவிடலாகாது. நிலக்கரியில் பாஷாணம் எனப்படும் ஆர்ஸனிக், செலினியம், காரீயம் முதலியன சிறு அளவில் கலந்துள்ளன. கரி எரிந்து போகிறது. இவை பெரும்பாலும் சாம்பலில் செறிந்து நின்றுவிடுகின்றன. நம் நாட்டு நிலக்கரியிலோ நூற்றுக்கு 30 முதல் 45 பங்கு வரை சாம்பலே.

இச்சாம்பலைத் தண்ணீரில் கலந்து, குழாய் வழியே குட்டைக்கு அனுப்புவது பல இடங்களில் வழக்கம். சாம்பல் அடியில் படிய, மேலே நீர் தெளிந்து நிற்கும். அத்தெளிவைக் கண்டு ஏமாறக் கூடாது. மேற்கூறிய பொருள்களில் ஒரு பகுதி நீரில் கரைந்தே உள்ளது. குட்டையின் தளத்திற்குத் தகுந்த காப்பு இல்லையேல், அது அடிமண் வழியே இறங்கி நிலத்தடி நீரைச் சேரும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துப் பெலூஸ் ஏரியில் 1970-களில் இத்தகைய குட்டை நீர் விடப்பட்டது. அதிலிருந்த செலினியம் சொற்பமே. ஆயினும் பாசி, பூச்சி, மீன் என்று படிப்படியாக ஏறித் திரண்டது. மீன்கள் இனம் பெருகுவது நின்றது. சில ஆண்டுகளில் 20 இனங்களில் 19 மறைந்தன.

ஆர்ஸனிக்குக்கு நிறமுமில்லை, ருசியுமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆகவே, சாம்பல் குட்டைக்கு அருகிலுள்ள பஞ்சாயத்துகள் உப்பும் கடினத்தன்மையும் பார்க்கும் சாதாரணச் சோதனையோடு நில்லாமல், கிணற்று நீரை ஆர்ஸனிக், செலினியம், காரீயம் ஆகியவற்றுக்கும் சோதிக்குமாறு எழுத்து மூலம் கேட்க வேண்டும். கோடையில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் மாதிரி எடுப்பது நலம்.