முகம் பார்த்து ஆடும் சீட்டு

ரம்மியில் சீட்டுக்கு முன்னால் ஆளைப் படிக்க வேண்டும். ரீல்ஸ் மூலம் 2025இல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துபோன கூமாப்பட்டியில், தோப்பு நிழலில் துண்டை விரித்துச் சீட்டுப் போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடுத்த சீட்டை எந்த ஓரத்தில் செருகுகிறான், செருகியபின் எத்தனை சீட்டை இடம் மாற்றுகிறான் என்பதிலேயே பாதி ஆட்டம் தெரிந்துவிடும். அதுவரை புலம்பிக்கொண்டிருந்தவன் திடீரென்று அமைதியானால் ஜோக்கர் வந்திருக்கிறது. “என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்?” என்று எதிரில் இருப்பவர் கேட்பது அவன் குரலைக் கேட்பதற்காக. விவரமானவன் இதற்கும் தயாராக இருப்பான். கையில் ஆட்டின் எட்டும் பத்தும் வைத்துக்கொண்டு, ஆட்டத்தைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்பதுபோல், “அப்பவே ஸ்கூட் விட்டிருக்கணும்” என்று முனகியபடி கிளாவர் ஒன்பதைக் கழிப்பான். ஒன்பது அவனுக்கு வேண்டாம் என்று நம்பி, அடுத்தவர் ஆட்டின் ஒன்பதைப் போட்டுவிடுவார்.

இந்த நடிப்பின் உச்சம் போக்கர். அதில் கையில் ஒன்றுமே இல்லாமல் பந்தயத்தை ஏற்றி, எதிராளியைச் சீட்டைக் கவிழ்த்துவிட வைக்கலாம். அமெரிக்க ஆட்டக்காரர் மைக் காரோ 1984இல் மேஜை உடல்மொழிக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். நடிக்கிறவன் தலைகீழாகத்தான் நடிப்பான் என்பது அதன் சாரம். பலமான சீட்டு வந்தவன் பெருமூச்சு விடுவான், வெறுங்கையன் முறைப்பான்.

முகத்தை எல்லோரும் காவல் காக்கிறார்கள், கையை மறந்துவிடுகிறார்கள். உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2009 உலகப் போக்கர் தொடரின் காட்சிகளைக் கல்லூரி மாணவர்களுக்குக் காட்டிச் சீட்டின் தரத்தை ஊகிக்கச் சொன்னார்கள். 2013இல் வெளியான முடிவு வியப்பானது. முகத்தை மட்டும் பார்த்தவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மோசமாகச் சொன்னார்கள். காசை நகர்த்தும் கையை மட்டும் பார்த்தவர்கள் நன்றாகச் சொன்னார்கள். நல்ல சீட்டு வைத்திருப்பவரின் கை தடங்கலில்லாமல் போகிறது.

ஆனால் படிப்பது ஒன்று, படித்ததை நம்புவது இன்னொன்று. 2003 உலகப் போக்கர் இறுதியில் சாம் ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி இருந்தது. எதிரே ஆன்லைன் போட்டி வழியாக வந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், கையில் ஒன்றுமில்லாமல் மொத்தக் காசையும் முன்னே தள்ளினார். கலர் சேரவில்லை போலிருக்கிறதே என்று ஃபர்ஹா வாய்விட்டே கேட்டார். அது முழு உண்மை. மணிமேக்கர் அசையவில்லை. ஃபர்ஹா சீட்டைக் கவிழ்த்தார்; கடைசியில் பட்டமும் மணிமேக்கருக்கே போனது.

ஆளைப் படிக்கும் இந்தத் திறமையை நம் நீதிமன்றங்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் வருத்தம். 1968இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டை நினைவில் வைப்பதும், எதைப் பிடித்து எதைக் கழிப்பது என்பதும் அதற்குக் காரணங்கள். அதே தீர்ப்பு, ஆளைப் படிப்பதே பிரதானமான மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று கூறி, தமிழக ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் அவற்றைச் சேர்த்திருந்த பட்டியலை ரத்து செய்தது.

போனில் ஆடும்போதும் நினைவுக்கும் கணக்குக்கும் வேலை உண்டு. எதிரில் ஆள்தான் இல்லை. உட்கார்ந்து ஆடும்போது, தொடர்ந்து ஃபுல் பாயிண்ட் வாங்கித் தோற்கிறவரின் முகம் செத்துப்போவதைப் பார்த்து, “போதும்ணே, வீட்டுக்குப் போங்க” என்று கட்டை எடுத்து வைக்க ஒருவராவது இருப்பார். ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரைவிட்டவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. 2025 பிப்ரவரியில் வந்த தமிழக விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை மூடச் சொன்னன; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொருமுறை எச்சரிக்கை காட்டச் சொன்னன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.