சின்னமும் தெருவும்

எட்டயபுரத்தில் சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் உள்ளது; அவருக்கு மணிமண்டபமும் உண்டு. 1882இல் பாரதியார் பிறந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அவருக்கான மணிமண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. கரிசல் நிலத்துச் சிற்றூர் ஒன்றுக்கு இது பெரும்பேறு. ஆயினும் கட்டடத்தைப் பேணுவது வேறு, குடியிருப்பைப் பேணுவது வேறு. திண்ணை, முற்றம், அண்டைவீட்டோடு இணங்கிச் செல்லும் ஓட்டுக்கூரை ஆகியன தனியார் சொத்தே எனினும், அவை சேர்ந்து நிற்கும்போதுதான் தெருவுக்கு ஒரு முகம் அமைகிறது. அம்முகத்தை எந்த மணிமண்டபமும் காக்க இயலாது.

குடியிருப்பையே மரபுச் செல்வமாக ஏற்ற இடம் ஒன்று நமக்கு அண்மையில் உண்டு. அது இலங்கையின் காலிக் கோட்டை. தமிழ் பேசும் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர் அது. 1892இல் தோன்றிய பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரியும் அக்கோட்டைக்குள்தான் எழுந்தது. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தூண்கள் தாங்கும் முன்தாழ்வாரம் அவ்வீடுகளின் சிறப்பு. இலங்கைத் தமிழில் அதற்கு ‘இஸ்தோப்பு’ என்று பெயர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல். நம் திண்ணைக்கு உறவுமுறை என்றே கொள்ளலாம். பிற்காலத்தில் நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு தனியார் வீடுகள் சிலவும் செப்பனிடப்பட்டன.

சுவர்கள் பிழைத்தன. ஆனால் 2000க்குப் பின் வீட்டுவிலை பன்மடங்கு உயர, வெளிநாட்டாரும் செல்வரும் வாங்கிய வீடுகள் பல விடுதிகளாயின. முகப்பு மாறாத வீட்டில் குடும்பம் மாறிவிட்டது.

நம் ஃபிக்ஹு நூல்கள் இவ்விரு சிக்கல்களையும் அறிந்தவை. ஷாஃபிஈ நூல்களில் ‘ஸுல்ஹ்’ பாகத்தைப் புரட்டுவோர், முட்டுச் சந்தில் வசிப்போர் தம் பங்காளிகளின் இசைவின்றி மாடத்தை வெளியே நீட்டலாகாது என்ற சட்டத்தைக் காண்பர். சந்து அங்கு வாழ்வோர் அனைவர்க்கும் பொது என்பதே அதன் அடிப்படை. விற்பனைக்கு ‘ஷுஃப்ஆ’ உண்டு. வீடு விலைக்கு வருமாயின் ஹனஃபி மத்ஹபில் அண்டைவீட்டாருக்கும் முன்னுரிமை. ஷாஃபிஈயிலோ கூட்டு உரிமையாளருக்கு மட்டும்.

எனினும் ஷுஃப்ஆவை இன்று கையில் எடுக்க வழியில்லை. சென்னை உயர்நீதிமன்றம் அதனை 1870லேயே ஏற்க மறுத்தது. அண்டைவீட்டார் என்பதற்காக மட்டும் கோரும் முன்னுரிமை அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று உச்சநீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் நியாயமும் இருக்கிறது. அயலாரைத் தெருவுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் கருவியாக அவ்வுரிமை பயன்பட்டதை மறுப்பதற்கில்லை.

ஆகவே வாங்குவோரைத் தடுப்பதினும், விற்கும் நெருக்கடியைக் குறைப்பதே செய்யத்தக்கது. உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடும் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் கிடையாமற் போகும்போதுதான் பலர் பழைய வீட்டை இடிக்கத் துணிகின்றனர். எட்டயபுரம் போன்ற பேரூராட்சிகள் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பங்கை ஏற்று, அவ்வீட்டுக்குச் சொத்துவரியிலும் சலுகை அளிக்கலாம். மணிமண்டபம் எழுப்பும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.